12 உருப்படி பார் கிட்: வேலை பழக வாங்கலாமா?

இணையக் கடையில் 'பார்டெண்டர் கிட்' என்று தேடினால் மூங்கில் ஸ்டாண்டோடு ஒரு பெட்டி வந்து நிற்கும். ஆயிரத்துச் சொச்சத்தில் தொடங்கி மூவாயிரம் ரூபாய் வரை விலை. பெட்டி மேல் பெயர் மாறுமே தவிர, உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான்: ஷேக்கர் (குலுக்கும் டின்), ஜிக்கர் (அளவுக் கிண்ணம்), ஸ்பிரிங் வடிகட்டி, நீளக் கரண்டி, மட்லர் (இலை, பழம் நசுக்கும் கட்டை), நாலு ஸ்பவுட், ஐஸ் இடுக்கி, ஓப்பனர், ஸ்டாண்ட். கூடவே ஒரு ரெசிபி அட்டை. பிறந்தநாள் பரிசுக்கு நல்ல பொருள். முன்அனுபவம் இல்லாமல் ஹோட்டல் பாரில் ட்ரெய்னியாகச் சேர நினைக்கிறவர் கை பழக்கிக்கொள்ள வாங்குவதென்றால், அதை வேறு கண்ணால் பார்க்க வேண்டும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பன்னிரண்டு உருப்படியில் உருப்படியானது நாலு தேறும். அந்த நாலும் சரியாக இருக்கிறதா என்பது கிட்டுக்குக் கிட்டு மாறும். கண்டுபிடிக்க ஒரு சமையல் தராசு, ஒரு தட்டு ஐஸ், ஒரு எலுமிச்சம்பழம், கொஞ்சம் உப்பு போதும். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும்.

ஜிக்கர்

நம் ஊர் பார் பெக் கணக்கில் ஓடுகிறது. 30 மில்லி ஸ்மால், 60 மில்லி லார்ஜ். 750 மில்லி ஃபுல் பாட்டிலில் 25 ஸ்மால் வர வேண்டும். ஒவ்வொரு பெக்கிலும் 2 மில்லி கூடிப்போனால் 23 பெக்கிலேயே பாட்டில் படுத்துவிடும். ஸ்டாக் எடுக்கும் நாளில் மீதி ஒன்றரை பெக் எங்கே என்ற கேள்வி ஊற்றியவரிடம்தான் வரும். 2 மில்லி குறைந்தாலோ கஸ்டமர் காசில் கை வைத்த கணக்கு. ஆகவே பெட்டியில் வேறு எது பளபளத்தாலும், முதலில் கையில் எடுக்க வேண்டியது இந்தச் சின்ன இரட்டைக் கிண்ணத்தைத்தான்.

பல கிட்டுகளில் 25/50 மில்லி ஜிக்கர் வருகிறது. பிரிட்டன் பார்களில் 25 மில்லி ஒரு அளவு. அவர்களுக்குச் செய்ததை அப்படியே இங்கேயும் விற்கிறார்கள். இதில் பழகிய கை 30 மில்லிக்குத் திரும்பப் பழக வேண்டியிருக்கும். அவுன்ஸ் மட்டும் குறித்த ஜிக்கர் பரவாயில்லை. ஒரு அமெரிக்க அவுன்ஸ் 29.57 மில்லி, 30 என்றே வைத்துக்கொள்ளலாம். வாங்க வேண்டியது 30/60. உள்சுவரில் 15, 45 கோடுகளும் இருந்தால் இன்னும் நல்லது.

இனி சோதனை. ஒரு டம்ளரைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்குங்கள். ஜிக்கரில் விளிம்பு வரை தண்ணீர் பிடித்து டம்ளரில் கவிழ்த்துப் பாருங்கள். 30 கிராம் காட்டினால் 30 மில்லி. உள்ளே ஒட்டி நிற்கும் துளியால் அரை கிராம் வரை குறையலாம், அது குற்றமில்லை. 27, 28 காட்டினால் அந்த ஜிக்கர் பொய் சொல்கிறது. தண்ணீரில்தான் பார்க்க வேண்டும். இந்திய விஸ்கி, பிராந்தி எல்லாம் வழக்கமாக 42.8 சதவீதம் என்பதால் 30 மில்லிக்கு 28 கிராம் சொச்சம்தான் எடை வரும். சர்க்கரையும் தண்ணீரும் சரிக்குச் சரி சேர்த்த பாகோ 37 கிராம் பக்கம் போகும். பாகை ஊற்றிப் பார்த்துவிட்டு ஜிக்கர் தப்பு என்று சொல்லக் கூடாது.

அடுத்து கிண்ணத்தின் வாயைப் பாருங்கள். கிட்டில் வருவது பெரும்பாலும் மணி போல விரிந்த வாய். வாயின் குறுக்களவு நாலரை சென்டிமீட்டர் இருந்தால், விளிம்புக்கு ஒரு மில்லிமீட்டர் கீழே நிறுத்தினாலே ஒன்றரை மில்லி குறைந்துபோகும். மூன்று சென்டிமீட்டர் குறுகின வாயில் அதே கைத்தவறுக்கு முக்கால் மில்லிகூட ஆகாது. ஜப்பான் பாணி ஒல்லி ஜிக்கரைப் பெரிய பார்களில் வைத்திருப்பது அழகுக்காக மட்டும் இல்லை. விளிம்புக்கு மேலே தண்ணீர் குமிழாக உப்பி நிற்பதையும் கவனியுங்கள். அகன்ற வாயில் அந்த உப்பலிலேயே ஒரு மில்லிக்கு மேல் ஒளிந்துகொள்ளும். கண்ணை விளிம்பு மட்டத்துக்கு இறக்கி, உப்பல் தொடங்கும் முன் நிறுத்தப் பழகுவதுதான் முதல் பாடம்.

ஒரு விஷயம். வேலைக்குப் போகும் இடத்தில் விற்பனைக்கு வைக்கும் பெக் அளவைக்குச் சட்டமுறை எடையளவு முத்திரை இருக்க வேண்டும். கிட் ஜிக்கரில் அது இருக்காது. வீட்டில் பழகுவதற்குச் சரி, பாருக்கு எடுத்துப்போக வேண்டாம்.

ஷேக்கர்

விலை குறைந்த பெட்டியில் மூன்று துண்டு ஷேக்கர் வரும்: டின், ஓட்டை போட்ட தோள், மேலே குட்டி மூடி. பார்க்க எளிது, வேலையில் தொல்லை. குளிர்ந்ததும் மூடி இறுகிக்கொள்ளும். வரிசையில் ஆறு ஆர்டர் நிற்கும்போது அதோடு மல்லுக்கட்ட முடியாது. ஓட்டைகள் பெரிதாக இருந்தால் ஐஸ் துணுக்கு இறங்கும், சிறிதாக இருந்தால் புதினா அடைத்துக்கொள்ளும். இந்த வகைதான் கையில் இருக்கிறதென்றால், குலுக்கி முடித்த அடுத்த நொடியே மூடியைத் திருகிக் கழற்றிவிடுங்கள். நேரம் போகப் போக இறுக்கம் கூடும்.

வேலைக்கு வேண்டியது இரண்டு துண்டு பாஸ்டன். அதிலும் டின்னுக்கு டின்: பெரியது 800 மில்லி சுற்று, சிறியது 500 சுற்று. டின்னோடு கண்ணாடி டம்ளர் வரும் வகையில், கண்ணாடி பதப்படுத்தியதாக இல்லாவிட்டால் குளிரிலும் அடியிலும் கையிலேயே உடையும். அடிப்பாகத்தில் எடை சேர்த்த டின் கொஞ்சம் விலை கூட, ஆனால் சாய்ந்து விழாது, கையிலும் நிதானமாக நிற்கும்.

கசிகிறதா என்று பார்க்கச் சாதாரணத் தண்ணீர் மட்டும் ஊற்றிக் குலுக்கினால் எல்லா டின்னும் கசியும். டின்களை இறுக்குவது உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்குவதுதான். வெந்நீர் ஊற்றினால் காற்று விரிந்து மேல் டின் தானாகவே தெறிக்கும். எனவே சிறிய டின்னில் 90 மில்லி தண்ணீர், விளிம்பு வரை ஐஸ். பெரிய டின்னைக் கொஞ்சம் சாய்வாகக் கவிழ்த்து உள்ளங்கையால் ஒரு தட்டு. மேல் டின்னை மட்டும் பிடித்துத் தூக்கினால் கீழ் டின்னும் கூடவே வர வேண்டும். தரையில் செய்தித்தாள் விரித்து 12 நொடி குலுக்குங்கள். தாளில் ஒன்றிரண்டு சொட்டு மன்னிக்கலாம். கோடாகத் தெறித்திருந்தால் விளிம்பு வட்டமாக இல்லை என்று அர்த்தம், திருப்பி அனுப்பிவிடலாம்.

திறப்பதில்தான் புதியவர்கள் மாட்டுகிறார்கள். சாய்வாகப் பொருந்தியதால் ஒரு பக்கம் இரண்டு டின்னும் ஒட்டி நேர்கோடாக இருக்கும், எதிர்ப்பக்கம் இடைவெளி தெரியும். ஒட்டின பக்கத்திலும் அடிக்கக் கூடாது, அகன்ற பக்கத்திலும் கூடாது. இரண்டுக்கும் நடுவில், இடைவெளி பிறக்கிற இடத்தில், உள்ளங்கை அடிப்பாகத்தால் ஒரே தட்டு. 'டப்' என்று விட்டுக்கொடுக்கும். திறக்கவில்லை என்று மேடை விளிம்பில் மோதினால் டின் வாய் நசுங்கும். நசுங்கின டின் அதற்குப் பிறகு ஆயுளுக்கும் கசியும்.

குலுக்கும்போது சிறிய டின் உங்கள் பக்கம், பெரிய டின்னின் அடி கஸ்டமர் பக்கம். தப்பித்தவறித் திறந்துகொண்டால் உங்கள் சட்டையோடு போகட்டும். உள்ளங்கையைப் போர்த்திப் பிடிக்காமல் விரல் நுனிகளால் பிடித்தால் கைச்சூடு ஏறாது. எலுமிச்சையும் பாகும் முதலில், மது கடைசியில். அளவு தப்பினால் கொட்டுவது எலுமிச்சைச் சாறாக இருக்கட்டும்.

இரும்பின் தரம். கடைக்காரர் காந்தத்தை வைத்துக் காட்டி 'ஒட்டவில்லை, அசல் 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்' என்பார். அந்தச் சோதனையை நம்ப வேண்டாம். 304 எஃகையும் அழுத்தி இழுத்து டின்னாக்கும்போது லேசாகக் காந்தம் ஏறும். மட்டமான 201 வகையிலும் காந்தம் ஒட்டாமல் போகலாம். அதைவிட நம்பகமானது: வெட்டின எலுமிச்சையை உப்பில் தொட்டு டின்னின் வாய் விளிம்பிலும் பற்றவைத்த தடத்திலும் தேய்த்து ஒரு இரவு விட்டுவிடுங்கள். காலையில் பழுப்புப் புள்ளி தெரிந்தால் அந்தச் சரக்கு எலுமிச்சை புழங்கும் பாரில் ஒரு மாதம் தாங்காது. செம்பு நிறம், ரோஸ் கோல்டு நிறப் பூச்சு கிட்டுகளை இந்தச் சோதனைகூடச் செய்யாமல் ஒதுக்கலாம். புளிப்பு பட்டுப் பட்டுப் பூச்சு உரிந்து டம்ளருக்குள் போகும்.

வடிகட்டி

ஸ்பிரிங் வடிகட்டியில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: சுருள்கள் நெருக்கமா? இரண்டு சுருளுக்கு நடுவே நகம் தாராளமாக நுழைந்தால் ஐஸ் துணுக்கும் நுழையும். மலிவு கிட்டுகளில் இது பெரும்பாலும் தளர்வாகவே இருக்கிறது. பெரிய டின் வாயில் வைத்துக் கவிழ்த்தால் ஆடாமல் உட்கார வேண்டும். ஸ்பிரிங் கழற்றக்கூடியதா என்றும் பாருங்கள். கழற்ற முடியாவிட்டால் சுருளுக்குள் எலுமிச்சைச் சக்கை தங்கி இரண்டே நாளில் வாடை வரும். இரட்டை வடிகட்டலுக்கு, அதாவது ஸ்பிரிங்கைத் தாண்டி வருவதை நுண் வலையில் இன்னொரு முறை வடிக்க, கிட்டில் எதுவும் இல்லாவிட்டாலும் கவலை இல்லை. எஃகுக் கம்பி வலை டீ வடிகட்டி ஒன்று தனியாக வாங்கினால் ஆயிற்று. வீட்டில் டீக்குப் புழங்குவதை எடுக்காதீர்கள், வாசனை போகாது.

கரண்டியும் ஐஸும்

முறுக்குக் கம்பி நீளக் கரண்டி, 30 சென்டிமீட்டர் அளவில், பெரும்பாலான கிட்டில் நன்றாகவே இருக்கிறது. நடு விரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையே பிடித்து, கரண்டியின் முதுகு டம்ளர் சுவரை விட்டு விலகாமல் சுற்ற வேண்டும். ஐஸ் மொத்தமாக ஒரே கட்டியாகச் சுழல வேண்டும். 'கலகல' என்று சத்தம் கேட்டால் கரண்டி ஐஸை இடிக்கிறது, சுற்றவில்லை. ரெசிபியில் 'ஒரு பார் ஸ்பூன்' என்று வந்தால் இந்தக் கரண்டியின் கொள்ளளவையும் தராசில் பார்த்துக்கொள்ளுங்கள். சிலது 5 மில்லி பிடிக்கும், சிலது அதில் பாதிதான்.

சரியாகக் கலக்கினோமா என்பதையும் மது இல்லாமலே சோதிக்கலாம். சென்னை அறை வெப்பம் 30 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 70 மில்லி தண்ணீரை 0 டிகிரிக்கு இறக்க 26 கிராம் ஐஸ் உருகியே தீர வேண்டும். ஒரு கிராம் ஐஸ் உருக 80 கலோரி என்ற பள்ளிக்கூடக் கணக்குதான். கொஞ்ச நேரம் வெளியே வைத்து, மேலே ஈரம் கண்ட ஐஸை வடித்துப் போட்டு, 30 நொடி கலக்கி, வடிகட்டி எடை பாருங்கள். 95 கிராம் பக்கம் வந்தால் கை சரி. 80இல் நின்றால் சும்மா கரண்டியைச் சுற்றியிருக்கிறீர்கள். 110 தாண்டினால் ஐஸில் தேங்கிய தண்ணீரை வடிக்காமல் போட்டிருக்கிறீர்கள்.

ஃப்ரீசரில் இருந்து அப்போதே எடுத்த ஐஸ் மைனஸ் 18 டிகிரியில் இருக்கும். அது உருகுவதற்கு முன்பே தன் குளிரால் கொஞ்சம் வேலையை முடித்துவிடுவதால் குறைவாக உருகும், டிரிங்க் காட்டமாக நிற்கும். பாரில் ஐஸ் தொட்டியில் கிடப்பது ஈர ஐஸ். வீட்டில் நன்றாக வந்த டிரிங்க் பாரில் நீர்த்துப்போகிறதே என்று குழம்புகிறவர்கள் ரெசிபியைச் சந்தேகிக்கிறார்கள். காரணம் பெரும்பாலும் ஐஸ்தான்.

ஒரு ஷேக்கருக்குக் கால் கிலோ ஐஸ் பிடிக்கும், அதாவது வீட்டு ஐஸ் தட்டு ஒன்று முழுசாக. தினம் பத்து டிரிங்க் பழக வேண்டுமென்றால் வீட்டு ஃப்ரீசர் தாங்காது. குலுக்கும் தாளத்தை முதல் வாரம் டின்னில் ஒரு பிடி அரிசி போட்டே பழகலாம். அரிசி இரண்டு முனையிலும் ஒரே மாதிரி 'சக் சக்' என்று மோதினால் கை சீராக இருக்கிறது. பிறகு பாக்கெட் ஐஸ் க்யூப் வாங்கிக்கொள்ளலாம். மீன் கடைக்கு வரும் பாளம் வேண்டாம். உணவுக்கு உதவாத ஐஸில் நீல நிறம் கலக்க வேண்டும் என்ற விதியே அந்தக் குழப்பம் வரக் கூடாது என்பதற்காகத்தான்.

ஸ்பவுட்

பாட்டில் கழுத்தில் சொருகும் ஊற்று மூக்கு. நாலு கொடுத்தால் நாலும் நாலு வேகத்தில் ஊற்றும் என்பதுதான் மலிவு கிட்டின் பெரிய குறை. ஒரே பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, ஒவ்வொன்றாக மாற்றிச் சொருகி, ஐந்து நொடி கவிழ்த்து எடை பாருங்கள். ஐந்தாறு கிராமுக்குள் வித்தியாசம் இருந்தால் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் எண்ணி ஊற்றும் பழக்கத்துக்கு உதவாது. ரப்பர் கழுத்தில் தளர்வாக இருந்தால் ஓரமாகக் கசிந்து லேபிள் நனையும்.

எண்ணி ஊற்றுவது எப்படி என்றால், 'ஒன்று, இரண்டு, மூன்று, நாலு' என்று அரை நொடிக்கு ஒன்றாக எண்ணினால் நாலுக்கு 30 மில்லி என்பது பொதுக் கணக்கு. உங்கள் ஸ்பவுட்டுக்கு அது மூன்றரையோ ஐந்தோ, தராசு சொல்லும். பாட்டிலைச் செங்குத்தாகக் கவிழ்க்க வேண்டும். சாய்த்துப் பிடித்தால் வேகம் மாறும். ஸ்பவுட்டில் இன்னொரு மெல்லிய குழாய் இருக்கும், காற்று உள்ளே போகும் வழி. விரல் அதன் மேல் பட்டால் ஊற்று விக்கி விக்கி வரும். காபி லிக்கர் போலச் சர்க்கரை கனத்தவை மெதுவாக இறங்கும், அதற்கு எண்ணிக்கை கூட்ட வேண்டும்.

நம் நாட்டுப் பாட்டில்கள் பலவற்றில் கழுத்துக்குள் மறுபடி நிரப்ப முடியாதபடி கோலிகுண்டு வைத்த பிளாஸ்டிக் அடைப்பு இருக்கும். அதை நெம்பி எடுக்காமல் ஸ்பவுட் உட்காராது. கத்தியால் நெம்பி விரலை வெட்டிக்கொள்வது வழக்கமான விபத்து. துணி சுற்றிக்கொண்டு, ஓப்பனர் முனையால் சுற்றிச் சுற்றித் தளர்த்துங்கள். இரவில் ஸ்பவுட்டை வெந்நீரில் ஊறப்போடாவிட்டால் மறுநாள் சர்க்கரை அடைக்கும், பழ ஈயும் குடியேறும்.

இவ்வளவு சொன்ன பிறகு இதையும் சொல்ல வேண்டும்: இங்கே பெரும்பாலான பார்களில் எண்ணி ஊற்ற விடமாட்டார்கள், பெக் அளவையில்தான் ஊற்ற வேண்டும். பிறகு ஏன் பழக வேண்டும்? ஜிக்கரிலும் கை நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதற்கு. வேகமாக ஊற்றி விளிம்பில் டக்கென்று வெட்டி நிறுத்தும் மணிக்கட்டு அசைவு இரண்டுக்கும் ஒன்றே.

மீதி எல்லாம்

மட்லர்: அடியில் பல் வெட்டினது வேண்டாம், புதினாவைக் கிழித்துக் கசப்பை இறக்கும். வார்னிஷ் பளபளக்கும் மரமும் வேண்டாம், உரிந்து டிரிங்கில் சேரும். பூச்சில்லாத, வழுவழு அடி. புதினாவை நாலைந்து முறை அமுக்கினால் போதும், துவையல் அரைக்கத் தேவையில்லை. ஐஸ் இடுக்கி யாரும் தொடமாட்டார்கள், பாரில் ஸ்கூப்தான். ஓப்பனர் பீருக்குச் சரி. ஒயினுக்குக் கிட்டில் வரும் இரட்டைக் கை ஓப்பனர் கார்க்கைத் துளைத்துத் தூளாக்கும். மடக்குக் கத்தி மாதிரி, இரண்டு படி நெம்புகோல் உள்ள வெயிட்டர் ஓப்பனரைத் தனியாக வாங்கிப் பத்து கார்க்காவது எடுத்துப் பழக வேண்டும். மூங்கில் ஸ்டாண்ட் சமையலறை ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், அவ்வளவுதான்.

ரெசிபி அட்டையைக் கிழித்துப் போடலாம். சில அட்டையில் அவுன்ஸ், சிலதில் மில்லி, சிலதில் 'ஒரு பங்கு'. 1951இல் இங்கிலாந்தின் டார்க்கீ நகரில் தொடங்கிய சர்வதேச பார்டெண்டர்கள் சங்கத்தின் பட்டியல் இணையத்தில் இலவசமாக, மில்லி கணக்கில் கிடைக்கிறது. அதில் இருபது எடுத்து மனப்பாடம் செய்தால் போதும், ஆனால் குடும்பம் குடும்பமாக. மார்கரிட்டா: டெக்கீலா 50, டிரிப்பிள் செக் (ஆரஞ்சு லிக்கர்) 20, எலுமிச்சை 15. டாக்கிரி: வெள்ளை ரம் 60, எலுமிச்சை 20, இரண்டு பார் ஸ்பூன் சர்க்கரை. விஸ்கி சவர்: போர்பன் (அமெரிக்க விஸ்கி) 45, எலுமிச்சை 25, பாகு 20. மூன்றுக்கும் எலும்பு ஒன்றே: மது, புளிப்பு, இனிப்பு. நெக்ரோனி ஜின், கம்பாரி, சிவப்பு வெர்மூத் (மூலிகை ஒயின்) மூன்றும் 30; மேன்ஹாட்டன் விஸ்கி 50, சிவப்பு வெர்மூத் 20; டிரை மார்ட்டினி ஜின் 60, வெர்மூத் 10. இவை இன்னொரு வீடு. சாறு சேர்ந்தால் குலுக்கு, மதுவோடு மது மட்டும் என்றால் கலக்கு. தெளிவாக இருக்க வேண்டியதைக் குலுக்கினால் காற்றுக் குமிழ் ஏறிக் கலங்கிவிடும்.

விஸ்கி சவரில் பட்டியல் சொல்வது பெரிய மஞ்சள் லெமன். நம் நாட்டு எலுமிச்சை அதைவிடப் புளிப்பு. 20 மில்லியில் தொடங்கி நாக்கில் வைத்துப் பார்த்து ஏற்றிக்கொள்வது நல்லது. லாங் ஐலண்ட் ஐஸ்ட் டீ கேட்டு வருகிறவருக்கு அது டீ இல்லை, ஐந்து மது 15 மில்லி வீதம் 75, அதாவது இரண்டரை ஸ்மால் என்று தெரியாமல் இருக்கலாம். ஊற்றுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பெட்டியில் இல்லாதவை

பழகுவதற்கு மது தேவையில்லை. டீ டிகாக்‌ஷன் விஸ்கிக்கு, தண்ணீர் வோட்காவுக்கு, சரிக்குச் சரி எடையில் காய்ச்சின பாகு லிக்கருக்கு. நிறம் வேறாக இருந்தால் எந்த பாட்டிலில் இருந்து எவ்வளவு என்பதைக் கண் பிடித்துக்கொள்ளும். வாங்க வேண்டியவை சிறு கத்தி, பீலர், வெட்டும் பலகை, ஐஸ் ஸ்கூப், பஞ்சு உதிராத இரண்டு துணி. துணி ஒன்று கண்ணாடிக்கு, ஒன்று மேடைக்கு. இரண்டையும் மாற்றிப் பிடிப்பவரை மூத்தவர்கள் முதல் நாளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஏனென்றால் புதிதாகச் சேர்கிறவருக்கு முதல் மாதங்களில் ஷேக்கர் கையில் வராது. ஐஸ் நிரப்புவது, சாறு பிழிவது, கார்னிஷ் (டிரிங்கை அலங்கரிக்கும் பழத்துண்டு, தோல்) வெட்டுவது, கிளாஸ் துடைப்பது, காலி பாட்டில் எண்ணுவது. அதையும் வீட்டிலேயே பழகலாம். எலுமிச்சைத் தோலை வெள்ளைச் சதை ஒட்டாமல் ஒரே இழுப்பில் சீவுவது, நனைந்த கிளாஸை வெந்நீர் ஆவியில் காட்டிக் கைரேகை படாமல் துடைப்பது, ஒரு கிலோ எலுமிச்சைக்கு எத்தனை மில்லி சாறு என்று குறித்து வைப்பது. ஐஸை கிளாஸால் அள்ளும் பழக்கம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். தொட்டிக்குள் ஒரு கிளாஸ் விளிம்பு தெறித்தாலும் மொத்த ஐஸையும் கொட்டி, வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, புதிதாக நிரப்ப வேண்டும். வெள்ளிக்கிழமை இரவு எட்டரை மணிக்கு இது நடந்தால் பார் கால் மணி நேரம் நின்றுபோகும்.

பேட்டியில் காக்டெயிலை விட இவைதான் கேட்கப்படும்: மூன்று முறை 30 மில்லி ஊற்று, ஒயின் திற, ட்ரே பிடி, எந்த டிரிங்க் எந்த கிளாஸில். கூடவே சட்டம். தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது கொடுக்கக் கூடாது. புதுச்சேரியில் 18, கேரளத்தில் 23. தமிழ்நாட்டு டிரை டே (மது விற்கக் கூடாத நாள்) பட்டியலில் காந்தி ஜெயந்தி, குடியரசு தினம் என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு நாள், மே தினம் வரைக்கும் சொல்கிறவர் படித்துவிட்டு வந்திருக்கிறார் என்று தெரியும். பாடம் கேட்க டியாஜியோ பார் அகாடமி போன்ற இணையப் பயிற்சிகள் காசில்லாமல் கிடைக்கின்றன. நிறுவனத்தின் சரக்கு விளம்பரம் கலந்திருக்கும், அதை வடிகட்டிக்கொண்டு பார்த்தால் சர்வீஸ் பாடங்கள் நன்றாகவே இருக்கின்றன.

வாங்குவதா, வேண்டாமா? மூன்று துண்டு ஷேக்கர், 25/50 ஜிக்கர், செம்புப் பூச்சு: இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் அந்தக் கிட் வேண்டாம். பாஸ்டன் டின் இரண்டு, 30/60 ஜிக்கர், நெருக்கமான ஸ்பிரிங், முறுக்குக் கரண்டி இந்த நாலும் சரியாக இருந்தால், மீதி எட்டும் குப்பையானாலும் ஆயிரத்து ஐந்நூறு வரை கொடுக்கலாம். அதற்கு மேலே விலை சொன்னால் ஹோட்டல் பாத்திரக் கடையில் இந்த நாலையும் தனித்தனியாகக் கையில் எடுத்து, டின்னை டின்னில் சொருகி, ஸ்பிரிங்கில் நகத்தை விட்டுப் பார்த்து வாங்குங்கள். ஜிக்கரை மட்டும் வீட்டுக்கு வந்து தராசில் ஏற்றாமல் பில்லைத் தூக்கிப் போட வேண்டாம்.